வர்ணம் பூச மட்டும் கூப்பிடாதீர்கள்!

அமெரிக்க நாட்டில் வசந்த காலம் பிறந்துவிட்டால் போதும். சனிக்கிழமை காலையில் கொல்லைப்புறங்களில் சுத்தியல் சத்தம் கேட்கும்.

பனிக்காலம் முழுவதும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தவர்கள் வெளியே வருகிறார்கள். ஒருவர் வேலியைச் சரி செய்கிறார். ஒருவர் புல் வெட்டுகிறார். இன்னொருவர் மரக்கடையில் இருந்து சட்டங்களை வாங்கி வந்து இறக்குகிறார்.

எதற்கு இந்தச் சட்டங்கள்?

அவருடைய மகளுக்கு எட்டு வயது. அவளுக்கு ஒரு வீடு வேண்டுமாம். பொம்மை வீடு அல்ல. அவளே உள்ளே போய் உட்காரக்கூடிய வீடு. கதவு வேண்டும். ஜன்னல் வேண்டும். மேலே கூரையும் வேண்டும்.

இதற்கு "விளையாட்டு வீடு" என்று பெயர். 6 அடி அகலம், 8 அடி நீளம் இருந்தால் தாராளம். சுவர் 5 அடி உயரம் போதும்.

அப்பா ரம்பத்தை எடுக்கிறார். மகள் ஓடி வருகிறாள்.

"நானும் வரட்டுமா, அப்பா?"

"இப்போது வேண்டாம், கண்ணே. ஆணியும் ரம்பமும் கிடக்கின்றன. வீடு முடிந்ததும் கூப்பிடுகிறேன். வர்ணம் நீதான் பூசவேண்டும்!"

மகள் திரும்பிப் போகிறாள். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

அப்பா அன்பினால்தான் அப்படிச் சொன்னார். மகளின் விரலில் அடிபடக் கூடாது என்ற கவலை அவருக்கு. ஆனால், அங்கேதான் அவர் தவறு செய்துவிட்டார்.

விளையாட்டு வீட்டில் மிகச் சிறந்த விளையாட்டு எது? அந்த வீட்டைக் கட்டுவதுதான்! அந்த விளையாட்டை அப்பா தாமே ஆடி முடித்துவிட்டார். மகளுக்கு மிச்சம் வைத்தது ஒரு தூரிகையும், ஒரு டப்பா வர்ணமும்தான்.

மணலிலும் வீடு, மரத்திலும் வீடு

குழந்தைக்கு வீடு கட்டும் ஆசை எங்கிருந்து வருகிறது? யாரும் சொல்லிக்கொடுப்பது இல்லை. அது தானாக வருகிறது.

மழைக்கு இரண்டு நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டு, மேலே போர்வையை விரித்து, உள்ளே புகுந்துகொள்ளாத குழந்தை உண்டா? அதுவும் ஒரு வீடுதான்.

தமிழ் மொழியில் இதற்கு ஒரு அழகான பெயரே இருக்கிறது. "சிற்றில்" என்பது அந்தப் பெயர். சிறிய இல்லம் என்று பொருள். சிறுமியர் மணலில் கட்டும் வீடு அது. ஆண்டாள் பாடிய நாச்சியார் திருமொழியில் இரண்டாம் திருமொழி முழுவதும், "எங்கள் சிற்றிலை அழிக்காதே" என்று சிறுமியர் கண்ணனிடம் கெஞ்சுவதுதான். ஆண்பால் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் சிற்றில் பருவமும் ஒன்று.

அந்தப் பாடல்களில் சிறுமியர் கட்டுகிறார்கள். சிறுவன் காலால் சிதைக்கிறான். ஒரு பிடி மணல்தானே, போனால் போகட்டும் என்று அந்தச் சிறுமியர் நினைக்கவில்லை. கெஞ்சுகிறார்கள், கோபிக்கிறார்கள், அழுகிறார்கள். ஏன்? அது அவர்கள் கையால் கட்டிய வீடு.

யாரோ கட்டிக்கொடுத்த வீடாக இருந்தால் அவ்வளவு வலி இருக்குமா?

பரிசாக வந்த வீடுகள்

பணம் படைத்தவர்கள் தங்கள் குழந்தைகளுக்கு விளையாட்டு வீடு கட்டிக்கொடுத்த கதைகள் பல உண்டு.

அமெரிக்காவில் நியூபோர்ட் என்ற கடற்கரை ஊர் இருக்கிறது. அங்கே பிரேக்கர்ஸ் என்ற மாளிகை வாண்டர்பில்ட் என்ற கோடீசுவரக் குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்தது. 1886-ம் ஆண்டில் அந்தத் தோட்டத்தில் குழந்தைகளுக்கென்றே ஒரு குட்டி வீடு கட்டினார்கள். 1892-ல் பெரிய மாளிகை தீப்பிடித்து எரிந்துபோனது. குட்டி வீடு தப்பியது! பிறகு 1895-ல், 70 அறைகளோடு புதிய மாளிகை எழுந்தது. குட்டி வீடு அதற்கும் அண்ணனாக இன்றும் நிற்கிறது.

இங்கிலாந்தில் நடந்தது இன்னொரு கதை. 1932-ம் ஆண்டில் இளவரசி எலிசபெத்துக்கு ஆறு வயது நிறைந்தது. பின்னாளில் 1952-ல் ராணியாகி, 2022 வரை ஆண்டவர் அவர்தான். அந்தப் பிறந்தநாளுக்கு வேல்ஸ் நாட்டு மக்கள் ஒரு குட்டி வீட்டைப் பரிசாகக் கொடுத்தார்கள். வேய்ந்த கூரை; உள்ளே மின்சார விளக்கு; குழாயில் தண்ணீர். எல்லாம் உண்மையான வீட்டில் ஐந்தில் இரண்டு பங்கு அளவு. பெரியவர்கள் உள்ளே போனால் குனிந்துகொள்ள வேண்டும். கொண்டு வரும் வழியிலேயே கூரை தீப்பற்றிக்கொண்டது. மறுபடியும் வேய்ந்து, வின்ட்சரில் உள்ள ராயல் லாட்ஜ் தோட்டத்தில் நிறுத்தினார்கள்.

அழகான வீடுகள்தான். சந்தேகம் இல்லை. ஆனால் இவற்றில் ஓர் ஆணியையாவது குழந்தை அடித்திருக்குமா? கட்டியவர்கள் கைதேர்ந்த வேலைக்காரர்கள். குழந்தை திறப்புவிழாவுக்கு மட்டும் வந்த விருந்தாளி.

இன்று கோடீசுவரராக இருக்க வேண்டியது இல்லை. கடையில் பிளாஸ்டிக் வீடு கிடைக்கிறது. பெட்டியைப் பிரித்து மாட்டினால் வேலை முடிந்தது. இரண்டு, மூன்று வயதுக் குழந்தைக்கு அது போதும். எட்டு வயதுக் குழந்தைக்கு அது போதாது. எட்டு வயதில் குழந்தை, "இது எப்படி நிற்கிறது?" என்று கேட்கத் தொடங்குகிறது. பிளாஸ்டிக் வீடு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது.

குழந்தைகளே கட்டிய வீடுகள்

இதற்கு நேர்மாறான கதை டென்மார்க் நாட்டில் நடந்தது.

அங்கே சோரன்சன் என்ற தோட்டக்கலை நிபுணர் இருந்தார். குழந்தைகளுக்கு அழகான விளையாட்டு மைதானங்களை அமைப்பது அவர் தொழில். ஒன்றை அவர் கவனித்தார். ஊஞ்சலும் சறுக்குமரமும் இருக்கும் மைதானத்தை விட்டுவிட்டு, கட்டடம் கட்டும் இடத்தில் கிடக்கும் பலகைகளோடும் செங்கற்களோடும் குழந்தைகள் குதூகலமாக விளையாடுகிறார்கள்!

1943-ம் ஆண்டு. டென்மார்க் ஜெர்மானியர் பிடியில் இருந்த காலம். கோபன்ஹேகன் நகரில், எம்ட்ரப் என்ற இடத்தில் அவர் யோசனைப்படி ஒரு புதுமையான மைதானம் திறக்கப்பட்டது. பலகை, ஆணி, பழைய சாமான்கள், சுத்தியல், ரம்பம் எல்லாம் அங்கே கிடந்தன. குழந்தைகள் தாங்களே குடிசை கட்டினார்கள், பிரித்தார்கள், மறுபடியும் கட்டினார்கள். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருப்பார். கேட்டால் உதவி செய்வார்.

1946-ல் ஆலன் சீமாட்டி என்ற ஆங்கிலேயப் பெண்மணி இதை வந்து பார்த்தார். வியந்து போனார். போரில் குண்டு விழுந்து பாழாய்க் கிடந்த லண்டன் மனைகள் அவர் நினைவுக்கு வந்தன. இங்கிலாந்தில் இப்படிப்பட்ட மைதானங்கள் பரவ அவர் பாடுபட்டார். பின்னர் பல நாடுகளில் இவை தோன்றின. ஜப்பானில் டோக்கியோ நகரின் ஹனேகி பூங்காவில் 1979 முதல் இப்படி ஒரு மைதானம் நடக்கிறது.

வின்ட்சர் வீடு எம்ட்ரப் குடிசையைவிட நூறு மடங்கு அழகு. ஆனால், "இது என் வீடு" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லும் உரிமை யாருக்கு அதிகம்? கோணல் குடிசை கட்டிய குழந்தைக்குத்தான்!

இது நிபுணர் வேலை அல்ல

"மைதானத்தில் குடிசை கட்டுவது வேறு. எங்கள் கொல்லையில் ஒழுங்கான சட்டம் அடித்து, கூரை ஏற்றி வீடு கட்டுகிறோம். இதில் குழந்தைக்கு என்ன வேலை?" என்று அந்த அமெரிக்க அப்பா கேட்கலாம்.

அவர் தம் நாட்டுச் சரித்திரத்தைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்க வேண்டும்.

முன்காலத்தில் அங்கே மர வீடு கட்டுவது பெரிய காரியம். பருத்த உத்திரங்களைச் செதுக்க வேண்டும். துளை போட்டு, கழுந்து சீவி, ஒன்றோடொன்று பூட்ட வேண்டும். தேர்ந்த தச்சர் இல்லாமல் முடியாது. சட்டத்தைத் தூக்கி நிறுத்த ஊரே கூடவேண்டும்.

1830-களில் சிகாகோ நகரிலும் சுற்றுப்புறத்திலும் ஒரு புதிய முறை பரவியது. மர அறுவை ஆலைகள் மெல்லிய சட்டங்களை ஒரே அளவில் அறுத்துத் தள்ளின. இயந்திரம் செய்த ஆணி மலிவாகக் கிடைத்தது. மெல்லிய கட்டைகளை நெருக்கமாக நிறுத்தி, ஆணி அடித்தால் போதும். துளையும் வேண்டாம், கழுந்தும் வேண்டாம். தச்சு வேலையில் பழக்கம் இல்லாத குடியானவரும், கூடமாட உதவிக்கு ஒருவர் இருந்தால், வீட்டை எழுப்பிவிட முடிந்தது.

அதாவது, இந்த முறை பிறந்ததே நிபுணர் அல்லாதவருக்காக! அந்த முறையில் கட்டும்போது, "உனக்குத் தெரியாது, தள்ளிப் போ" என்று மகளை விரட்டுவது என்ன நியாயம்?

இன்னொன்றும் உண்டு. இன்றும் அமெரிக்காவில் பெரும்பாலான தனி வீடுகளின் சுவருக்குள் இருப்பது இதே மரச்சட்டம்தான். வெளியே பலகை, உள்ளே அட்டை மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரிவது இல்லை. கொல்லையில் குட்டி வீடு கட்டும் சிறுமி, தான் தினமும் தூங்கும் அறையின் சுவருக்குள் என்ன இருக்கிறது என்பதையும் கண்டுகொள்கிறாள்.

பெயரே பொய் சொல்லும் கட்டை!

வேலையைக் கொஞ்சம் கவனித்துப் பார்த்தால், குழந்தைக்கு அதில் எத்தனை இடம் இருக்கிறது என்பது விளங்கும்.

மரக்கடையில் வாங்கிய கட்டைக்கு "இரண்டுக்கு நாலு" என்று பெயர். 2 அங்குல கனம், 4 அங்குல அகலம் என்று அர்த்தம். மகள் கையில் அளவு நாடாவைக் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். 1½ அங்குலம், 3½ அங்குலம்தான் இருக்கும்!

"அப்பா! கடைக்காரர் ஏமாற்றிவிட்டார்!"

ஏமாற்றவில்லை. பச்சை மரமாக அறுத்தபோது இருந்த அளவுக்கு வைத்த பெயர் அது. உலர்ந்து, இழைத்து வழவழப்பாக்கிய பிறகு சிறுத்துவிட்டது. பெயர் மட்டும் பழையபடியே நிற்கிறது.

பெயரை நம்பாதே, அளந்து பார் என்ற பாடம் முதல் பத்து நிமிடத்திலேயே கிடைத்துவிட்டது. இந்தப் பாடம் வாழ்க்கை முழுவதும் உதவும்.

இப்போதைக்கும் அது உதவுகிறது. சுவர் 60 அங்குல உயரம். கீழே ஒரு அடிச்சட்டம், மேலே ஒரு மேல்சட்டம். இரண்டும் படுக்கைவாட்டில் கிடக்கும். நடுவே செங்குத்தாக நிற்கும் கால்கள் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்? பெயரை நம்பினால், 60-ல் 4 போக 56 என்று வெட்டிவிடுவோம். சுவர் ஓர் அங்குலம் குட்டையாகிவிடும். அளந்து பார்த்தவளுக்குத் தெரியும்: 60-ல் 3 போக 57 அங்குலம்.

படுத்துக்கொண்டு பிறக்கும் சுவர்

சுவரை நிறுத்தி வைத்துக் கட்டுவது இல்லை. தரையில் படுக்கவைத்துத்தான் கட்டுகிறார்கள். எல்லாம் முடிந்த பிறகு தூக்கி நிறுத்துகிறார்கள். குழந்தைக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்? ஏணி இல்லை. உயரம் இல்லை. மண்டியிட்டு உட்கார்ந்து ஆணி அடிக்கலாம்.

கால்களை 16 அங்குலத்துக்கு ஒன்றாக வைப்பது அமெரிக்க வழக்கம். ஏன் 16? பிளைவுட் பலகை 4 அடி அகலத்தில் வருகிறது. அதாவது 48 அங்குலம். 16-ஐ மூன்றால் பெருக்கினால் 48. பலகையின் ஓரம் சரியாக ஒரு காலின் மேல் வந்து உட்காரும்; ஆணி அடிக்கப் பிடிப்பு கிடைக்கும். கனம் இல்லாத விளையாட்டு வீட்டுக்கு 24 அங்குல இடைவெளியே போதும். அதிலும் கணக்கு தப்பாது.

8 அடிச் சுவர் என்றால் 96 அங்குலம். 16-ஆல் வகுத்தால் 6. ஆனால் எத்தனை கால்கள் வேண்டும்? 7! இடைவெளியைவிடக் கால் எப்போதும் ஒன்று அதிகம். பள்ளிக்கூடத்தில் எண்ணிக் குழம்பும் குழந்தை, இங்கே கையால் தொட்டு எண்ணிப் புரிந்துகொள்கிறது.

ஜன்னல் வேண்டிய இடத்தில் கால் குறுக்கே வந்தால் என்ன செய்வது? அதை வெட்டினால் மேலே உள்ள பாரத்தை யார் தாங்குவது? ஜன்னலுக்கு மேல் ஒரு உத்திரக் கட்டையைக் குறுக்கே வைத்து, இரு பக்கமும் கட்டைகள் கொடுத்துத் தாங்கவேண்டும். வெட்டிய காலின் சுமையைப் பக்கத்துக் கால்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. குடும்பத்தில் ஒருவர் படுத்துக்கொண்டால் மற்றவர் தாங்குவது போலத்தான்.

சதுரம் ஆடும், முக்கோணம் ஆடாது

தரைச் சட்டம் 6 அடிக்கு 8 அடி. நான்கு மூலையும் நேராக இருக்கிறதா? கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. குறுக்கே மூலைக்கு மூலை அளக்க வேண்டும். சரியாக 10 அடி வந்தால் மூலை நேர்! இன்னொரு குறுக்கும் 10 அடி வரவேண்டும். 3, 4, 5 என்ற பழைய கணக்கின் இரட்டிப்புத்தான் இது. நாடாவின் ஒரு முனையை அப்பா பிடிக்க, மறுமுனையை மகள் பிடிக்கட்டும். "பத்து!" என்று அவளே கூவட்டும்.

பிறகு சுவரைத் தூக்கி நிறுத்துகிறார்கள். ஆணியெல்லாம் அடித்தாகிவிட்டது. ஆனாலும் கையால் தள்ளினால் சட்டம் ஒரு பக்கமாகச் சாய்கிறது!

"ஏன் அப்பா ஆடுகிறது?"

இந்த இடத்தில் அப்பா உடனே பதில் சொல்லக் கூடாது. நான்கு குச்சிகளைக் கொடுத்து ஒரு சதுரம் செய்யச் சொல்ல வேண்டும். மூலைகளில் ஒவ்வோர் ஆணி. சதுரம் சாய்ந்து சாய்ந்து சப்பையாகிறது. மூன்று குச்சிகளால் ஒரு முக்கோணம் செய்யச் சொல்ல வேண்டும். எவ்வளவு தள்ளினாலும் அசையாது.

இப்போது மகளே சொல்லிவிடுவாள்: "குறுக்கே ஒரு கட்டை அடிக்க வேண்டும்!"

ஒரு மூலையில் இருந்து எதிர் மூலைக்கு ஒரு கட்டை. சதுரம் இரண்டு முக்கோணமாகிவிட்டது. சுவர் அசையாமல் நிற்கிறது. பிளைவுட் பலகையை முழுவதுமாகப் போர்த்தி ஆணி அடித்தாலும் இதே பலன்தான்.

இந்த ஒரு நிமிடத்துக்காகவே விளையாட்டு வீடு கட்டலாம். தானே கண்டுபிடித்த உண்மையைக் குழந்தை மறப்பது இல்லை. பாலத்தைப் பார்த்தாலும், மின்சாரக் கோபுரத்தைப் பார்த்தாலும் அவள் இனி முக்கோணங்களைத்தான் தேடுவாள்.

காலை அகட்டி நிற்கும் கூரை

கடைசியாகக் கூரை.

நடுவில் மேலே ஒரு முகட்டுக் கட்டை. இரண்டு பக்கமும் சாய்ந்த கைமரங்கள். 6 அடி அகல வீட்டுக்கு நடுவில் ஒன்றரை அடி உயரம் கொடுத்தால் நல்ல சரிவு. மழை நிற்காது, பனியும் அதிகம் தங்காது. கைமரம், வெளியே நீளும் இறவாரத்தைச் சேர்க்காமல், ஏறத்தாழ 40 அங்குல நீளம் வரும். சுவரின் மேல் அது உட்காரும் இடத்தில் ஒரு சிறிய வெட்டு வெட்டுவார்கள். வழுக்காமல் பொருந்திக்கொள்ளும். ஒரு கைமரத்தை அளந்து சரியாக வெட்டிவிட்டால், அதையே அச்சாக வைத்து மற்றவற்றுக்குக் கோடு போடலாம். கோடு போடும் வேலை மகளுடையது. வெட்டும் வேலை அப்பாவுடையது.

இங்கேயும் ஒரு ரகசியம் உண்டு. கூரையின் பாரம் கீழே மட்டும் அழுத்துவது இல்லை. சுவர்களை வெளிப்பக்கமாகவும் தள்ளுகிறது. வழுக்கும் தரையில் காலை அகட்டி நின்றால் என்ன ஆகும்? கால்கள் மேலும் மேலும் விலகும். இரு கணுக்காலையும் ஒரு கயிற்றால் கட்டினால்? விலகாது. கூரைக்கும் அப்படி ஒரு கட்டு வேண்டும். எதிர் எதிர்ச் சுவர்களின் தலைகளை இணைத்துக் குறுக்குக் கட்டைகளை அடிக்கிறார்கள். கூரை தன் காலைத் தானே பிடித்துக்கொள்கிறது.

மகளை வழவழப்பான தரையில் காலுறையோடு நிற்க வைத்தால் போதும். எந்தப் புத்தகமும் இதைவிடத் தெளிவாகச் சொல்லாது.

பயம் நியாயமானதே

"அடிபட்டால் என்ன செய்வது?" இந்தக் கேள்வியை அலட்சியம் செய்யக் கூடாது. அம்மாவின் பயம் நியாயமான பயம்.

ஆகவே வேலையைப் பிரிக்க வேண்டும். மின்சார ரம்பம் பெரியவர் கையில் மட்டுமே. அது ஓடும்போது குழந்தை எட்டத்தில் நிற்க வேண்டும். கூரை மேல் வேலை நடக்கும்போது கீழே யாரும் நிற்கக் கூடாது. ஆணி அடிக்கும் எவரும், அப்பா உட்பட, கண்ணுக்குக் கண்ணாடி அணிய வேண்டும்.

குழந்தைக்கு அரை ராத்தல் எடையுள்ள சிறு சுத்தியல் போதும். அப்பா முதலில் சிறு துளை போட்டு ஆணியை நட்டுக்கொடுத்தால், விரலைப் பக்கத்தில் வைக்கத் தேவை இல்லை.

உண்மையான ஆபத்துக்கள் பல, பெரியவர்கள் யோசிக்காத இடங்களில் இருக்கின்றன. பழைய மரம் இனாமாகக் கிடைக்கிறதே என்று வாங்கக் கூடாது. கரையான் அரிக்காமல் இருக்க ஆர்செனிக் என்ற விஷம் ஏற்றிய மரம் அமெரிக்காவில் முன்பு தாராளமாக விற்றது. 2003-ம் ஆண்டின் இறுதியோடு அதை வீட்டு உபயோகத்துக்குத் தயாரிப்பது நின்றது. அதற்கு முந்திய மரம் குழந்தை வீட்டுக்கு ஆகாது. பழைய கதவு, பழைய ஜன்னலும் அப்படியே. 1978-ல் தடை வருவதற்கு முன்பு பூசிய வர்ணத்தில் ஈயம் இருக்கலாம்.

கம்பி, கிராதி வைத்தால் இடைவெளியைப் பார்க்க வேண்டும். 3½ அங்குலத்துக்கு மேலும் 9 அங்குலத்துக்குள்ளும் உள்ள சந்தில் குழந்தையின் தலை மாட்டிக்கொள்ளக் கூடும். கதவுக்கு வெளித் தாழ்ப்பாள் வேண்டாம். காற்றில் புரளாதபடி வீட்டைத் தரையோடு பிணைக்க வேண்டும்.

பல ஊர்களில் 120 அல்லது 200 சதுர அடிக்கு உட்பட்ட சிறு கட்டடத்துக்கு அனுமதிச் சீட்டு தேவை இல்லை. 6-க்கு 8 என்பது 48 சதுர அடிதான். ஆனாலும் ஊருக்கு ஊர் விதி மாறும். ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

இவ்வளவு ஜாக்கிரதையும் பெரியவர் பொறுப்பு. இந்தப் பொறுப்பைத் தட்டிக்கழிக்கத்தான் பல அப்பாக்கள், "நீ போய் உள்ளே விளையாடு" என்று சொல்லிவிடுகிறார்கள். ஆபத்தில் இருந்து குழந்தையை விலக்குவது ஒரு வழி. ஆபத்தைக் குறைத்துவிட்டுக் குழந்தையைச் சேர்த்துக்கொள்வது இன்னொரு வழி. இரண்டாவது வழி கொஞ்சம் கஷ்டம். ஆனால் அதுவே சிறந்த வழி.

கோணலாக இருந்தால் என்ன?

"மகளைச் சேர்த்துக்கொண்டால் இரண்டு நாள் வேலை இருபது நாள் ஆகுமே!"

ஆகட்டுமே! இந்த வீட்டில் யாராவது குடிவரக் காத்திருக்கிறார்களா? வாடகை நஷ்டமா? சீக்கிரம் முடிக்க வேண்டிய அவசரம் யாருக்கு? அப்பாவுக்கு மட்டும்தான்.

"ஆணிகள் வளைந்துபோகுமே!"

போகட்டும். வளைந்த ஆணியைப் பிடுங்கி, நிமிர்த்தி, மறுபடி அடிக்கக் கற்றுக்கொள்வதும் கல்விதான். பாரம் தாங்கும் இடங்களில் அப்பா பக்கத்தில் இன்னோர் ஆணி அடித்து உறுதி செய்துகொள்ளலாம். ஆனால் மகள் அடித்த ஆணியை அவள் தூங்கிய பிறகு பிடுங்கிவிட்டு, அழகாக வேறு ஆணி அடிக்கக் கூடாது. காலையில் அவள் கண்டுபிடித்துவிடுவாள். அடுத்த முறை அவள் சுத்தியலைத் தொட மாட்டாள்.

"மகனாக இருந்தால் சரி. பெண் குழந்தைக்கு எதற்கு சுத்தியல்?" என்று கேட்பவர்களும் இல்லாமல் இல்லை. அவர்களுக்குப் பதில் சிற்றில் பாடல்களிலேயே இருக்கிறது. அங்கே வீடு கட்டியவர்கள் பெண்கள்தான்! இடித்தவன்தான் ஆண் பிள்ளை. மகளுக்கும் மகனுக்கும் சேர்த்தே சுத்தியலைக் கொடுங்கள். கட்டியவனுக்கு இடிக்க மனம் வராது.

உள்சுவரை மூடாதீர்கள்

வீடு முடிந்ததும் அப்பாவுக்கு ஓர் ஆசை வரும். உள்பக்கமும் பலகை அடித்து, சட்டங்களை மறைத்து, அழகுபடுத்தலாம் என்று தோன்றும்.

வேண்டாம். அப்படியே விட்டுவிடுவதே நல்லது.

கால்கள் தெரியட்டும். உத்திரம் தெரியட்டும். குறுக்குக் கட்டை தெரியட்டும். மகள் தன் குட்டி நாற்காலியில் உட்கார்ந்து சுற்றிப் பார்க்கும்போது, எந்தக் கட்டை எதைத் தாங்குகிறது என்று அவளுக்குத் தெரிய வேண்டும். "இந்த ஆணி நான் அடித்தது. இந்த ஆணி வளைந்தது. அப்பா சிரித்தார்" என்று தோழிக்குக் காட்ட வேண்டும். இரண்டு கால்களுக்கு நடுவே ஒரு சிறு பலகை அடித்தால் புத்தக அலமாரியும் ஆயிற்று.

விளையாட்டு வீட்டுக்கு ஆயுள் குறைவு. மரம் கெட்டுப் போவதால் அல்ல. குழந்தை வளர்ந்துவிடுவதால். நான்கைந்து ஆண்டுகளில் அவள் தலை கதவில் இடிக்கும். ஒருநாள் வரமாட்டாள். பிறகு அங்கே மண்வெட்டியும் புல் வெட்டும் இயந்திரமும் குடிவந்துவிடும்.

அப்போது மிஞ்சுவது என்ன? ஜன்னலில் பூசிய வர்ணமா? அது இரண்டு மழைக்கு வெளுத்துவிடும்.

ஒரு சனிக்கிழமை காலையில், நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, "பத்து!" என்று கூவிய அந்தச் சந்தோஷம் மிஞ்சும். தன் கையாலும் ஒரு வீட்டை நிற்க வைக்க முடியும் என்ற தைரியம் மிஞ்சும். அது வெளுக்காது.

ஆகவே, அப்பாக்களே! மரக்கடைக்குப் போகும்போதே மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். கட்டையைத் தேர்ந்தெடுக்கும்போது கூப்பிடுங்கள். அளக்கும்போது கூப்பிடுங்கள். ஆணி அடிக்கும்போது கூப்பிடுங்கள். சுவரைத் தூக்கி நிறுத்தும்போது கட்டாயம் கூப்பிடுங்கள்.

வர்ணம் பூச நீங்கள் கூப்பிடவே வேண்டாம். அவளே உங்களைக் கூப்பிடுவாள்.